நூல் கணக்கும் காப்பு நகலும்

பேக்கப், அதாவது காப்பு நகல், என்பது ஒரு தொழிலின் கணக்கும் ஆவணமும் இருந்த இடத்தில் அழிந்துபோனாலும், வேறோர் இடத்திலிருந்து எடுத்து வேலையைத் தொடர உதவும் இன்னொரு பிரதி. கணக்கு கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகு இந்தப் பிரதியின் தேவை பல மடங்கு கூடிவிட்டது. துணி அட்டை போட்ட பேரேடு நனைந்தால் காயவைத்துப் படிக்கலாம். ஒரு பக்கம் கிழிந்தால் மற்றப் பக்கங்கள் மிஞ்சும். ஹார்டு டிஸ்க் பழுதானால் பத்து வருடக் கணக்கும் ஒரே நேரத்தில் போய்விடும்.

காவிரியின் கிழக்குக் கரையிலுள்ள குமாரபாளையத்தில் இதற்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. ஊர் விசைத்தறியால் வாழ்கிறது. ஆனால் ஒரு துணி முழுவதும் ஒரே கூரைக்குள் உருவாவது அபூர்வம். நூல் வாங்குபவர் ஒருவர். அந்த நூல் சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கிருந்து கஞ்சி போடும் சைசிங்குக்குப் போய்ப் பாவாகிறது. பாவும் ஊடை நூலும் கூலிக்கு நெய்யும் தறிப்பட்டறைக்குப் போகின்றன. நெய்த லுங்கியோ துண்டோ மடிப்புக்கு வந்து, பேல் கட்டி, ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கோ வெளிமாநில வியாபாரிக்கோ கிளம்புகிறது. எந்த நாளில் பார்த்தாலும் உற்பத்தியாளரின் சரக்கில் பெரும்பகுதி அவருடைய குடோனில் இருக்காது. நாலைந்து பேருடைய இடங்களில் பிரிந்து கிடக்கும். யாரிடம் எத்தனை கிலோ, எந்தக் கவுண்ட், எந்த நிறம், எத்தனை பீஸ் வந்து சேர்ந்தது, கழிவு எவ்வளவு, கூலியில் பாக்கி எவ்வளவு, முன்பணத்தில் கழிந்தது எவ்வளவு என்பதையெல்லாம் சொல்ல நூல் கணக்கு ஒன்றுதான் இருக்கிறது. அது அழிந்தால் சரக்கு அப்படியே இருக்கும். அது யாருடையது என்று சொல்லும் சாட்சி மட்டும் இருக்காது. பல வருடம் நம்பிக்கையாகக் கொடுத்து வாங்கிய இரண்டு குடும்பங்கள் அன்றைக்குத்தான் முதல் முறையாக வாய்த்தகராறில் இறங்கும்.

ஆகவே பேக்கப்புக்குத் திட்டமிடும்போது முதலில் பார்க்க வேண்டியது, எந்தத் தகவலுக்கு வெளியில் வேறு பிரதியே கிடையாது என்பதை. விற்பனை பில்லின் ஒரு பிரதி வாங்கியவரிடம் இருக்கிறது. வங்கி வரவு செலவு வங்கியில் இருக்கிறது. தாக்கல் செய்த ரிட்டர்ன் ஜிஎஸ்டி தளத்தில் இருக்கிறது. இவை தொலைந்தால் சிரமம்தான். ஆனாலும் சில வாரம் அலைந்தால் பெரும்பாலும் திரட்டிவிடலாம். ஜிஎஸ்டி தளத்தையும் நிரந்தரக் களஞ்சியமாக எண்ணுவது தவறு. ஏழு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ரிட்டர்ன் விவரங்களைத் தளத்தில் பார்க்க முடியாது என்று ஜிஎஸ்டி நெட்வொர்க் 2024 செப்டம்பரில் அறிவித்தது.

நூல் கணக்கு, கூலிச் சிட்டை, தறித் தொழிலாளர்களுக்குக் கொடுத்த முன்பணம் ஆகியவற்றை எந்த அரசுத் தளமும் வைத்திருப்பதில்லை. சாயப்பட்டறையில் ஒவ்வொரு ஷேடுக்கும் எந்தச் சாயம் எத்தனை சதவீதம், உப்பு எவ்வளவு, சூடு எத்தனை டிகிரி என்று சேர்த்து வைத்த குறிப்பும் அப்படியே. பழைய ஆர்டர் அதே நிறத்தில் மறுபடி வரும்போது அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், நூலும் தண்ணீரும் வீணாகும்படி மாதிரி மேல் மாதிரியாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். டிசைன் கோப்புகளும் இந்த வகையில் சேரும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸின் லியோன் நகரில் ஜோசப் மாரி ஜக்கார்டு உருவாக்கிய தறியில், பூ வேலை முழுவதும் துளையிட்ட அட்டைகளாகத் தறிக்கு மேலே தொங்கியது. தகவலைத் துளையாகச் சேமிக்கும் அந்த யோசனை பின்னாளில் கம்ப்யூட்டருக்கும் போய்ச் சேர்ந்தது. அட்டை கிழிந்தால் அதே துளைகளோடு இன்னொன்று அடித்துக்கொள்ளலாம். எலக்ட்ரானிக் ஜக்கார்டில் அதே டிசைன் ஒரு கோப்பு மட்டுமே. அந்தக் கோப்பு போனால், நெய்த துணியை மேசையில் விரித்து இழை இழையாகப் பார்த்து மறுபடி வரைய வேண்டும்.

பேக்கப் எடுக்கப்படுவதாகச் சொல்லப்படும் அலுவலகங்களில் பெரும்பாலும் நகலாவது டேலி என்ற கணக்கு மென்பொருளின் தரவு மட்டும்தான். நூல் கணக்கோ எக்செல் கோப்பாக டெஸ்க்டாப்பில் கிடக்கும். கூலி விவரம் மேஸ்திரியின் நோட்டில் இருக்கும். வாடிக்கையாளர் அனுப்பிய டிசைனும் விலை ஒப்புதலும் ஒருவருடைய போனில் வாட்ஸ்அப்பில் இருக்கும். திரும்பப் பெறவே முடியாத தகவல் பேக்கப்புக்கு வெளியில் நிற்பதும், எப்படியும் திரட்டிவிடக்கூடியது பத்திரமாக இருப்பதும் தலைகீழான ஏற்பாடு. கம்ப்யூட்டரில் ஒரே ஒரு கோப்புறை திறந்து, டேலி தரவு, எக்செல், டிசைன், ஸ்கேன் செய்த ஆவணங்கள் எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டால், பிறகு அந்த ஒன்றை மட்டும் நகலெடுத்தால் போதும். மேஸ்திரியின் நோட்டை வாரம் ஒரு முறை போனில் படம் எடுத்து அதே கோப்புறையில் சேர்க்கலாம்.

தரவை அழிப்பவற்றில் மிகச் சாதாரணமானது டிஸ்க்கின் தேய்மானம். தறி ஓடும் கூடத்தை ஒட்டிய அறையில் கம்ப்யூட்டர் இருந்தால் பஞ்சு பறந்து அதன் விசிறியை அடைக்கும். சூடேறிச் சூடேறி பாகங்களின் ஆயுள் குறையும். கரண்ட் போய்ப் போய் வந்தால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நின்று கெடும். யூபிஎஸ் இந்த இரண்டாவது ஆபத்தை மட்டும் குறைக்கும். முதலாவதுக்கு மாதம் ஒரு முறை தூசி தட்டுவது உதவும். அடுத்தது மனிதத் தவறு. பழைய பேக்கப்பைத் தெரியாமல் நடப்புக் கணக்கின் மேலேயே ரீஸ்டோர் செய்து, இடையில் போட்ட பதிவுகளை எல்லாம் இழப்பது எந்த வைரஸும் தேவைப்படாத விபத்து.

பிறகு ஆறு. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தபோது, குமாரபாளையத்தின் ஆற்றோரத் தெருக்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்து மக்கள் முகாம்களுக்கு மாற்றப்பட்டார்கள். ஆனால் காவிரி வெள்ளம் சொல்லிவிட்டு வருகிறது. மேட்டூரில் திறக்கும் அளவு அறிவிக்கப்பட்ட பிறகு இங்கே நீர் ஏறச் சில மணி நேரம் ஆகும். டிஸ்க்கைக் கழற்றி எடுத்துப்போக அது போதும். நூலும் துணியும் அடுக்கிய குடோனில் தீ பிடித்தால் அந்த அவகாசம் கிடைக்காது. ஆற்றோரம் இல்லாத பட்டறைக்கும் வெளியிடப் பிரதி அவசியமாவது இதனால்தான்.

பிரதிகள் எத்தனை, எங்கே என்பதற்கு உலகம் முழுவதும் பின்பற்றப்படும் எளிய கணக்கு மூன்று, இரண்டு, ஒன்று. மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதிகள். அவை இரண்டு வகைச் சாதனங்களில். அவற்றில் ஒன்றாவது வேறு இடத்தில். டிஜிட்டல் படங்களைப் பாதுகாப்பது பற்றி எழுதிய அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் இந்தக் கணக்கைப் பரவலாக்கினார். கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் பிறக்காமல், எடுத்த படத்தைத் திரும்ப எடுக்கவே முடியாத ஒரு தொழிலில் இது வளர்ந்ததால்தான் இவ்வளவு நடைமுறையாக இருக்கிறது.

குமாரபாளையத்துக்கு இதைப் பொருத்தினால், முதல் பிரதி அலுவலகக் கம்ப்யூட்டரில் ஓடும் கணக்கு. இரண்டாவது, ஒரு வெளிப்புற ஹார்டு டிஸ்க். மூன்றாவது, ஊருக்கு வெளியே உள்ள டிஸ்க் அல்லது கிளவுட். வெளியிடம் எது என்பதில் கவனம் வேண்டும். பாலத்தைத் தாண்டினால் பவானி. அது வேறு மாவட்டமே ஆனாலும், ஆற்றோர வீடாக இருந்தால் அதே வெள்ளம் அங்கேயும் ஏறும். மேட்டுப் பகுதியில் உள்ள வீடு, சங்ககிரியிலோ திருச்செங்கோட்டிலோ இருக்கும் உறவினர் வீடு, வங்கி லாக்கர் ஆகியவை பொருத்தமான இடங்கள். பட்டறைக்கு மேல் மாடியிலேயே வீடு இருந்தால், அந்த வீடு வெளியிடம் ஆகாது.

பென் டிரைவை நீண்ட காலச் சேமிப்புக்கு நம்பக்கூடாது. அதிலுள்ள தகவல் மின்னூட்டமாக இருப்பது. வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் அது கசியும். சட்டைப் பையிலிருந்து தொலைவதும் அதுதான். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துப்போக அது நல்லது, அவ்வளவே.

எத்தனை நாளுக்கு ஒரு முறை நகலெடுப்பது என்பதை இரண்டு கேள்விகள் முடிவுசெய்யும். எவ்வளவு நேரத்து வேலையை மறுபடி போட்டுக்கொள்ள முடியும்? எத்தனை நாள் கணக்கு இல்லாமல் தொழிலை ஓட்ட முடியும்? தினம் இருபது சிட்டை போடும் பட்டறையில் ஒரு நாள் வேலை போனால், கையிலிருக்கும் தாள்களை வைத்து அன்று மாலைக்குள் மறுபடி ஏற்றிவிடலாம். தினம் முந்நூறு பதிவு போடும் சைசிங் மில்லில் மதியம் ஒன்று, மாலை ஒன்று என எடுப்பது நல்லது. இரண்டாவது கேள்விக்கான விடை, கூலி பட்டுவாடா நாளைப் பொறுத்தது. வாரக் கூலி கொடுக்கும் இடத்தில் கணக்கு ஒரு வாரத்துக்கு மேல் இல்லாமல் இருக்க முடியாது. பட்டுவாடாவுக்கு முதல் நாள் கம்ப்யூட்டர் நின்றுபோனால், ஒரே நாளில் கணக்கை எழுப்பியாக வேண்டும். அதற்கு உதிரியாக ஒரு பழைய கம்ப்யூட்டராவது டேலி ஏற்றித் தயாராக இருக்க வேண்டும்.

ஒரே டிஸ்க்கில் தினமும் பழையதன் மேல் புதியதை எழுதுவது பரவலான தவறு. கோப்பு திங்களன்று கெட்டு, வியாழனன்று கண்ணில் பட்டால், அதற்குள் மூன்று நாள் பேக்கப்பும் அந்தக் கெட்ட கோப்பின் நகலாகவே இருக்கும். இதைத் தவிர்க்கத் தலைமுறை வைத்து நகலெடுப்பார்கள்: தினசரி நகல், வார நகல், மாத நகல் என மகன், அப்பா, தாத்தா போல. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோப்புறை. அடுத்த வாரம் அதே நாளில் மட்டும் அது மாறும். வாரக் கடைசி நகல் ஐந்து வாரம் நிற்கும். மாதக் கடைசி நகல் ஒரு வருடம் நிற்கும். மார்ச் 31 நகல் நிரந்தரமாக நிற்கும். 2011 முதல் உலகப் பேக்கப் நாளாகக் கொண்டாடப்படுவதும் மார்ச் 31 தான். இந்தியாவில் அது நிதியாண்டின் கடைசி நாள் என்பது வசதியான பொருத்தம். இரண்டு வெளிப்புற டிஸ்க்குகளை வாங்கி, ஒன்று அலுவலகத்திலும் ஒன்று வெளியிலும் வைத்து வாரந்தோறும் மாற்றிக்கொண்டால், சில ஆயிரம் ரூபாயில் இந்த ஏற்பாடு முடிந்துவிடும். ஒரு பேல் துணியின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவே இல்லை.

கிளவுட் என்பது இன்னொருவருடைய கம்ப்யூட்டரில் வாடகைக்கு எடுக்கும் இடம். அதன் பலம், ஊர் மூழ்கினாலும் அது நிற்கும் என்பது. அதன் பலவீனத்தைப் பலர் கவனிப்பதில்லை. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை சாதாரணமாகச் செய்வது ஒத்திசைவு: இங்கே மாறினால் அங்கேயும் மாறும், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியிலும் பழைய பதிப்புகளிலும் சில வாரம் தேடி எடுக்கலாம். அதன் பிறகு கிடைக்காது. ஆகவே தேதியிட்ட தனிக் கோப்பாக ஏற்றிவைத்தால்தான் அது பேக்கப். கணக்கைத் திறந்த ஜிமெயில் முகவரியும் முக்கியம். கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வந்தவர் தன் போன் எண்ணைக் கொடுத்துத் திறந்த கணக்கு, ஒரு நாள் முதலாளிக்கே திறக்காது. இரண்டு ஆண்டுகள் யாரும் நுழையாத தனிநபர் கூகுள் கணக்குகளை அந்நிறுவனம் நீக்கிவிடலாம் என்ற விதியும் 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது.

பெரிய தரவு மையமும் எரியும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்து அழிந்தது. காசு கொடுத்துப் பேக்கப் சேவை வாங்கியிருந்த வாடிக்கையாளர்கள் சிலருக்கும் தரவு திரும்பவில்லை, ஏனென்றால் பேக்கப்பும் அதே வளாகத்தில்தான் இருந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் பிடித்த தீயில், அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த 858 டெராபைட் சேமிப்பு முழுதும் போனது. அளவு மிகப் பெரியது என்ற காரணத்தால் அதற்கு வெளிப் பேக்கப்பே எடுக்கப்படவில்லை. தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாடு ஒன்றின் அரசுக்கே இது நேர்ந்தது என்பதை, பேக்கப்பைக் கம்ப்யூட்டர்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடும் எந்த முதலாளியும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்றைக்குப் பேக்கப்பின் கடுமையான எதிரி ரேன்சம்வேர். மின்னஞ்சலில் வரும் பொய் பில் வழியாகவோ, திருட்டு மென்பொருள் வழியாகவோ நுழைந்து, கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, சாவிக்குப் பணம் கேட்கும் நிரல் இது. கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் எல்லா டிஸ்க்கையும், நெட்வொர்க்கில் எட்டும் எல்லாக் கோப்புறையையும் சேர்த்தே பூட்டும். எப்போதும் செருகியே இருக்கும் பேக்கப் டிஸ்க், மூலம் பூட்டப்படும் அதே நிமிடத்தில் தானும் பூட்டப்படும்.

இதை உலகுக்குக் கற்றுக்கொடுத்தது 2017 ஜூன் 27. நாட்பெட்யா என்ற நிரல் அன்று உக்ரைனில் பரவத் தொடங்கியது. அது நுழைந்த வாசல், அந்நாட்டு நிறுவனங்கள் வரித் தாக்கலுக்குப் பயன்படுத்திய மீடாக் என்ற கணக்கு மென்பொருளின் அப்டேட். வரிக் கணக்குப் போட வைத்திருந்த மென்பொருளே வாசலாகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அது பணம் கேட்டதுபோல் காட்டிக்கொண்டது. உண்மையில் பூட்டியதைத் திறக்க வழியே வைக்கவில்லை. டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் அதில் சிக்கியது. மும்பையின் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் நின்றது; கண்டெய்னர் ஏற்றிய லாரிகள் வரிசையில் காத்துக் கிடந்தன.

மெர்ஸ்க்கிடம் பேக்கப் இல்லாமல் இல்லை. பல சர்வர்களுக்குச் சில நாள் பழைய நகல்கள் இருந்தன. ஆனால் யார் எந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கும் முக்கிய சர்வர்களுக்குத் தனி நகல் இல்லை. உலகெங்கும் சுமார் 150 சர்வர்கள் ஒன்றோடொன்று ஒத்திசைந்து ஓடின; ஒன்று போனால் மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. எல்லாம் ஒரே நேரத்தில் அழியும் என்ற நிலையை அந்த ஏற்பாடு எண்ணிப் பார்க்கவில்லை. தேடியபோது ஒன்று மட்டும் உயிரோடு கிடைத்தது, ஆப்பிரிக்காவின் கானாவில். தாக்குதலுக்கு முன் அங்கே மின்சாரம் தடைப்பட்டிருந்ததால் அந்தச் சர்வர் நெட்வொர்க்கில் இல்லை. இணைய வேகம் போதாததால் அதன் தரவை அனுப்ப முடியவில்லை. கானா ஊழியர்களுக்கு பிரிட்டன் விசா இல்லை. ஒருவர் அந்த டிஸ்க்கோடு நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் மறுபடி நிறுவியதாகவும் நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் என்றும் நிறுவனம் சொன்னது. தினமும் மின்வெட்டை அனுபவித்த ஒரு காலத்தை நெசவு ஊர்கள் மறந்திருக்காது. கானாவில் அப்படி நேர்ந்த ஒரு மின்தடைதான் உலகின் பெரிய கப்பல் நிறுவனத்தைக் காப்பாற்றியது. தற்செயலாக நடந்ததைத் திட்டமாகச் செய்வது எளிது: நகலெடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டுவது.

ரேன்சம்வேர் தாக்குதலில் பேக்கப் கைகொடுத்ததை இந்தியாவில் பார்க்க முடிந்தது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. சுமார் இரண்டு வாரம் புறநோயாளிப் பதிவு முதல் பரிசோதனை முடிவு வரை கையால் எழுதி நடந்தது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால், நோயாளிகளின் தரவு அதிலிருந்து புதிய சர்வர்களுக்கு மீட்கப்பட்டது என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

எடுத்த நகல் திரும்ப வருமா என்பது தனிக் கேள்வி. அதிகம் பேர் தோற்பது இங்கேதான். 2017 ஜனவரி 31 இரவு, மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில் களைத்திருந்த பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி மிஞ்சியது. ஐந்து வகை பேக்கப் ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஒன்று பல நாளாகத் தோற்றுக்கொண்டே இருந்தது, அதை எச்சரிக்கும் மின்னஞ்சல் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்திருந்த நகல் கைகொடுத்தது. தன் தவறை அந்நிறுவனம் ஒளிக்காமல் முழுவதும் வெளியிட்டது. 

சோதிக்கும் முறை கடினமானதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பேக்கப் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, டேலியில் டேட்டா பகுதிக்குப் போய், புதிதாகத் திறந்த காலிக் கோப்புறைக்கு ரீஸ்டோர் செய்ய வேண்டும். ஓடும் கணக்கின் மேல் ஒருபோதும் செய்யக்கூடாது. பிறகு நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்: கடைசி வவுச்சர் எண், அன்றைய ரொக்க இருப்பு, ஏதேனும் ஒரு வாடிக்கையாளரின் பாக்கி, ஏதேனும் ஒரு தறிக்காரரின் நூல் இருப்பு. நான்கும் அலுவலகக் கணக்கோடு ஒத்துப்போனால் நகல் உயிரோடு இருக்கிறது. எக்செல் கோப்புகளிலும் டிசைன்களிலும் இரண்டொன்றைத் திறந்து பார்க்க வேண்டும். பெயர் மட்டும் இருந்து உள்ளே காலியாக இருக்கும் கோப்புகளை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் குறித்துவைத்தால், பட்டுவாடா நாளுக்கு முந்தைய இரவு இதைச் செய்ய முடியுமா என்பது தெரியும்.

பேக்கப் ஒருவருடைய பொறுப்பாக இருக்க வேண்டும். அவர் இல்லாத நாளுக்கு இன்னொருவரும் பழகியிருக்க வேண்டும். ஒரு சின்ன நோட்டில் தேதி, எந்த டிஸ்க், எடுத்தவர் கையெழுத்து என மூன்று பத்தி போட்டால், விட்டுப்போன நாள் உடனே தெரியும். கடவுச்சொல்லும் இதில் சேர்ந்தது. டேலி தரவைப் பூட்டும் டேலி வால்ட் கடவுச்சொல்லை மறந்தால் மீட்க வழியில்லை. பூட்டிய டிஸ்க்கின் சாவி எண்ணும் அப்படித்தான். வேலையை விட்டுப் போன கணக்கர் மனதில் மட்டும் இருந்த கடவுச்சொல், நல்ல பேக்கப்பையும் செங்கல்லாக்கிவிடும். அதைத் தாளில் எழுதி உறையிலிட்டு, நிலப் பத்திரம் வைக்கும் இடத்தில் வைப்பது பழைய வழி. இன்றும் அதைவிட நல்ல வழி இல்லை. முதலாளியின் மனைவியோ மகளோ அந்த உறை எங்கே என்று அறிந்திருக்க வேண்டும். குடும்பத் தலைவர் திடீரென்று மறையும்போது தொழிலோடு கடனும் பாக்கியும் வீட்டுக்கு வருகின்றன. எது வர வேண்டியது, எது கொடுக்க வேண்டியது என்று சொல்லும் கணக்கு மட்டும் பூட்டிக் கிடப்பது அந்த வீட்டுக்குப் பெரிய அநியாயம்.

சட்டமும் இதைக் கேட்கிறது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி விதிகளில் 57-ஆவது, மின்னணுக் கணக்குக்கு முறையான பேக்கப் வேண்டும் என்றும், விபத்திலோ இயற்கையின் காரணத்தாலோ அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி அது இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆற்றில் போய்விட்டது என்று சொல்லித் தப்ப இந்த விதி இடம் தரவில்லை. கம்பெனியாகப் பதிவான நிறுவனங்களுக்கு இன்னும் கண்டிப்பு: 2022 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, கணக்கின் பேக்கப் இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் சேர வேண்டும்.

கெட்டது நடந்துவிட்ட அன்று அவசரம்தான் மிச்சத்தையும் அழிக்கும். ரேன்சம்வேர் செய்தி திரையில் வந்தால் முதலில் நெட்வொர்க் வயரைப் பிடுங்கி, வைஃபையை அணைக்க வேண்டும். பேக்கப் டிஸ்க்கை அந்தக் கம்ப்யூட்டரில் செருகவே கூடாது. 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுக்கலாம். சைபர் தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. பணம் கட்டுவதால் கோப்பு திரும்பும் என்பதற்கு உறுதி கிடையாது. டிஸ்க் தண்ணீரில் நனைந்திருந்தால் மின்சாரம் கொடுக்காமல், வெயிலில் காயவைக்காமல், அப்படியே தரவு மீட்பு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். டிஸ்க்கில் கடகட என்ற சத்தம் வந்தால் மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பது உள்தட்டைக் கீறும்.

மீட்கும்போது, கையிலுள்ள ஒரே பேக்கப்பில் நேரடியாக வேலை செய்யாமல், முதலில் அதற்கு இன்னொரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். சுத்தமாக நிறுவிய கம்ப்யூட்டரில் நூல் கணக்கும் கூலிக் கணக்கும் முதலில் எழ வேண்டும். அடுத்து வர வேண்டிய பாக்கி. அதன் பிறகு விற்பனை பில்களும் பழைய வருடங்களும். கடைசி பேக்கப்புக்கும் விபத்துக்கும் இடைப்பட்ட நாட்களைச் சிட்டை, டெலிவரி சலான், வாட்ஸ்அப் செய்தி, இ-வே பில் ஆகியவற்றைக் கொண்டு நிரப்பலாம். நிரப்பிய கணக்கை ஒவ்வொரு தறிக்காரரிடமும் சைசிங்காரரிடமும் காட்டி, அவர்கள் நோட்டோடு ஒத்துப் பார்த்து, இரு பக்கமும் கையெழுத்துப் போட்ட பிறகே அடுத்த பாவு வண்டியில் ஏற வேண்டும்.